பிளாஸ்டிக் குழல் வாங்கப் போகிறீர்களா?

ரெக்கார்டர் என்றதும் ஒலிப்பதிவுக் கருவிதான் உங்கள் நினைவுக்கு வரும். நாம் இங்கே பேசப்போவது அதைப் பற்றியன்று. ஐரோப்பாவில் இடைக்காலம் முதல் வழங்கிவரும் ஒருவகைக் குழலுக்கும் இதே பெயர்தான். 18ஆம் நூற்றாண்டில், குறுக்காகப் பிடித்து ஊதும் குழலின் உரத்த ஒலிக்கு ஈடுகொடுக்க முடியாமல் இது வழக்கொழிந்து போயிற்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஆர்னால்டு டால்மெட்ஷ் என்பவர் இதற்கு மீண்டும் உயிர் கொடுத்தார். இன்று பல நாடுகளில் பள்ளிப் பிள்ளைகள் முதன்முதலாகக் கையில் எடுக்கும் இசைக்கருவி இதுவே. இதில் பல அளவுகள் உண்டு. பிள்ளைகள் பயில்வது சொப்ரானோ என்னும் சிறு குழல். இங்கிலாந்தில் இதனை டெஸ்கன்ட் என்பர்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மகளுக்குத் திருவிழாக் கடையொன்றில் இத்தகைய குழல் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. அவள் ஆர்வத்துடன் ஊதினாள். ஆனால் எதை வாசித்தாலும் அபசுரமாகவே ஒலித்தது. "இவளுக்குச் சுருதி ஞானம் இல்லை" என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம். ஒருநாள் தற்செயலாகக் கைபேசியில் அதிர்வெண் காட்டும் செயலியை வைத்துக்கொண்டு நானே அந்தக் குழலை ஊதிப் பார்த்தேன். மேல் ஸ்தாயிச் சுரம் இருக்கவேண்டிய இடத்திலிருந்து ஏறக்குறைய ஒரு சுரத்தானம் தாழ்ந்து கிடந்தது! குற்றம் குழந்தையிடம் இல்லை; குழலில் இருந்தது. அதை வாங்கிய என்னிடமும் இருந்தது.

விலை மலிவான குழல் எல்லாம் இப்படித்தானா? இல்லை. சில நூறு ரூபாய்க்கும் நல்ல குழல் கிடைக்கிறது. அதைத் தேர்ந்தெடுக்கச் சிறிது இயற்பியல் தெரிந்தால் போதும்.

குழல் ஒலிப்பது எப்படி?

நம் புல்லாங்குழலில் காற்றைக் குவித்துத் துளையின் விளிம்பில் செலுத்துவது வாசிப்பவரின் உதடுகள். அதற்கு நெடுநாள் பயிற்சி வேண்டும். ரெக்கார்டரில் அந்த வேலையைக் கருவியே செய்துவிடுகிறது. வாய் வைத்து ஊதும் இடத்தில் குறுகிய காற்றுப்பாதை ஒன்று உள்ளது. அதன் வழியே தகடுபோல வெளிவரும் காற்று, எதிரே சாளரம் போன்ற திறப்பிலுள்ள கூரிய விளிம்பில் மோதுகிறது. மோதிய காற்று விளிம்பின் மேலும் கீழுமாக மாறி மாறிப் பாய்கிறது. இந்த அசைவு குழலினுள் இருக்கும் காற்றுத் தம்பத்தை அதிரச் செய்கிறது. காற்றுத் தம்பமும் தன் பங்குக்கு அந்த அசைவைத் தன் அதிர்வெண்ணுக்கு இணங்க வைக்கிறது. இதுவே ஒத்ததிர்வு.

சொப்ரானோ குழலின் எல்லாத் துளைகளையும் மூடி மெல்ல ஊதினால் எழுவது 'சி' என்னும் சுரம். அதன் அதிர்வெண் ஏறத்தாழ 523 ஹெர்ட்ஸ். 20 டிகிரி செல்சியசில் ஒலியின் திசைவேகம் விநாடிக்கு 343 மீட்டர். ஆகவே அலைநீளம் 65.6 செ.மீ. இரு முனையும் திறந்த குழாயில் காற்றுத் தம்பத்தின் பயனுறு நீளம் அதில் பாதி, அதாவது 32.8 செ.மீ. குழலின் மொத்த நீளமே சுமார் 33 செ.மீ.தான், அதிலும் ஊதும் பகுதியைக் கழித்துவிட வேண்டும். மீதி எங்கிருந்து வந்தது? ஒத்ததிர்வுக் குழாய்ச் சோதனையில் நீங்கள் செய்யும் முனைத் திருத்தத்தை நினைவுகூருங்கள். திறந்த முனைகளுக்கு வெளியேயும் சிறிதளவு காற்று சேர்ந்து அதிர்கிறது.

இனி ஒரு சிறு கணக்கு. அடுத்தடுத்த இரு சுரத்தானங்களுக்கிடையே அதிர்வெண் சுமார் 6 விழுக்காடு வேறுபடும். மேற்சொன்ன 32.8 செ.மீ. நீளத்தில் 2 மில்லிமீட்டர் பிழை நேர்ந்தால் அதிர்வெண் 0.6 விழுக்காடு மாறும். இது ஒரு சுரத்தானத்தில் பத்தில் ஒரு பங்கு. மேலே போகப்போகக் காற்றுத் தம்பம் குறுகுவதால் அதே 2 மில்லிமீட்டர் இன்னும் பெரிய பிழையாகிவிடும். துளைகளின் இடமும் அளவும் எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும் என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

மரமா, பிளாஸ்டிக்கா?

'மரக்குழலின் இனிமை பிளாஸ்டிக்கில் வருமா?' என்று சிலர் கேட்பர். இங்கே அதிர்வது குழலின் சுவரன்று, உள்ளிருக்கும் காற்று. 1971இல் ஜான் கோல்ட்மன் என்ற அமெரிக்க இயற்பியலாளர், வெள்ளி, செம்பு, மரம் ஆகியவற்றால் உள்ளளவில் ஒன்றேபோன்ற மூன்று குழல்களைச் செய்து சோதித்தார். கேட்டவர்களால் அவற்றைப் பிரித்தறிய முடியவில்லை. கண்ணாலும் கையாலும் அடையாளம் காண இயலாதபடி செய்தபோது ஊதியவர்களாலும் முடியவில்லை.

ஆகவே முதன்மையானது பொருளன்று. உள்வடிவமும் விளிம்பின் நேர்த்தியுமே. கைத்தேர்ச்சி மிக்கவர் செய்த மரக்குழல் விலை உயர்ந்திருப்பது, அவ்வடிவத்தை ஒவ்வொன்றிலும் கையால் செதுக்கிச் சீர்செய்வதால்தான். பிளாஸ்டிக்கிலோ, துல்லியமான அச்சு ஒன்று அமைந்துவிட்டால் அதிலிருந்து வரும் குழல்கள் யாவும் ஏறக்குறைய ஒன்றேபோல் இருக்கும். அச்சு மோசமானால் எல்லாமே மோசம்தான்! நல்ல பிளாஸ்டிக் குழல்கள் பெரும்பாலும் ஏ.பி.எஸ். என்னும் உறுதியான பிளாஸ்டிக்கால் ஆனவை. ஜப்பானின் யமஹா, ஆலோஸ், ஜென்-ஆன் ஆகிய பெயர்களில் வருபவை பள்ளிகளில் பரவலாகப் பயன்படுகின்றன.

இரு வகை விரலமைப்பு

வாங்குவோர் பெரிதும் ஏமாறும் இடம் இது. இக்குழல் 'பாரோக்', 'ஜெர்மன்' என்ற இரு விரலமைப்புகளில் வருகிறது. குழலின் முன்புறம் 7 துளைகள், பின்புறம் கட்டை விரலுக்கு 1 துளை உள்ளன. பாரோக் வகையில் 'எஃப்' என்ற சுரத்துக்கு 5ஆம் துளையைத் திறந்து 6, 7ஆம் துளைகளை மூட வேண்டும். முதலில் இது சற்றுக் கடினம். ஜெர்மன் வகையில் 5ஆம் துளை சிறிதாக்கப்பட்டிருப்பதால் விரல்களை வரிசையாக எடுத்தாலே 'எஃப்' வந்துவிடும். 'எளிதானதாயிற்றே!' என்று பலரும் இதையே வாங்குவர்.

ஆனால் ஒரு துளையின் அளவை மாற்றினால் அதைச் சார்ந்த மற்றச் சுரங்கள் பாதிக்கப்படாமல் இருக்குமா? 'எஃப்' சுரத்துக்கு அடுத்த 'எஃப் ஷார்ப்' சுருதி பிசகுகிறது. அதைச் சரிசெய்யச் சிக்கலான விரல் நிலைகள் தேவைப்படுகின்றன. நம் முறையில் சொன்னால், 'சி'யைச் சட்ஜமாகக் கொண்டால் 'எஃப்' சுத்த மத்திமம். 'எஃப் ஷார்ப்' பிரதி மத்திமம். ஜெர்மன் குழலில் சங்கராபரணத்தின் சுரங்கள் எளிதில் வரும். கல்யாணியில் கை தடுமாறும். முதல் மாதத்தின் எளிமைக்காகப் பின்வரும் ஆண்டுகளைப் பணயம் வைப்பானேன்? பாரோக் வகையையே வாங்குங்கள்.

அடையாளம் காண்பது எளிது. முன்புறத் துளைகளை மேலிருந்து எண்ணுங்கள். 5ஆம் துளை 4ஆம் துளையைவிடப் பெரிதாக இருந்தால் பாரோக். சிறிதாக இருந்தால் ஜெர்மன். மாதிரிப் பெயரையும் கவனியுங்கள். எடுத்துக்காட்டாக, யமஹாவில் ஒய்.ஆர்.எஸ்.-23 ஜெர்மன் வகை, ஒய்.ஆர்.எஸ்.-24பி பாரோக் வகை.

கடையில் செய்ய வேண்டிய சோதனைகள்

முதலாவதாக, சாளரத்தின் எதிர்விளிம்பைப் பாருங்கள். அது நேராக, பிசிறின்றி இருக்க வேண்டும். காற்றுப்பாதையை வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே அச்சுப் பிசிறு இல்லையென உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரண்டாவதாக, அடியிலுள்ள இரு துளைகள் இரட்டைத் துளைகளாக உள்ளனவா என்று பாருங்கள். இரண்டில் ஒன்றை மட்டும் மூடித்தான் அடி 'சி', 'டி' ஆகியவற்றின் ஷார்ப் சுரங்களைச் சரியாக எழுப்ப முடியும்.

மூன்றாவதாக, குழல் மூன்று பகுதிகளாகக் கழலுவது நல்லது. அடிப்பகுதியைச் சற்றே திருப்பிச் சுண்டு விரலுக்கு எட்டும்படி வைத்துக்கொள்ளலாம். ஆனால் இணைப்புகள் இறுக்கமாக இருக்க வேண்டும். காற்றுக் கசிந்தால் அடிச்சுரம் எழாது.

நான்காவதாக, கடைக்காரர் இசைந்தால் ஊதிப் பாருங்கள். எல்லாத் துளைகளையும் மூடி மெல்ல ஊதினால் அடி 'சி' தெளிவாக ஒலிக்க வேண்டும். பிறகு பின்துளையையும் மேலுள்ள 3 துளைகளையும் மட்டும் மூடி ஊதுங்கள். இது 'ஜி', ஏறத்தாழ 784 ஹெர்ட்ஸ். விரல்களை மாற்றாமல் பின்துளையில் மட்டும் மயிரிழை இடைவெளி விட்டு ஊதினால் மேல் ஸ்தாயி 'ஜி' எழும். முதல் எண் எதுவாக இருந்தாலும் இரண்டாவது அதன் இரு மடங்குக்கு மிக அருகில் இருக்க வேண்டும். நல்ல குழலின் உட்புறம் அடிநோக்கிச் சற்றே குறுகிச் செல்வது இந்த விகிதத்தைக் காப்பதற்காகவே. என் மகளின் குழல் தோற்றது இந்தச் சோதனையில்தான்.

வாங்கிய பின்

ஒலியின் திசைவேகம் வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தால் விநாடிக்கு சுமார் 0.6 மீட்டர் கூடும். 20 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்குப் போனால் சுருதி ஏறத்தாழ மூன்றில் ஒரு சுரத்தானம் ஏறிவிடும். பிறருடன் சேர்ந்து வாசிக்கும்போது தலைப்பகுதியைச் சிறிது வெளியே இழுத்துக் குழலை நீட்டினால் சுருதி இறங்கும்.

பிளாஸ்டிக் ஈரத்தை உறிஞ்சாது. ஆகவே மூச்சிலுள்ள நீராவி காற்றுப்பாதையில் துளிகளாகப் படிந்து ஒலியை அடைக்கும். ஊதுமுன் தலைப்பகுதியை உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றுங்கள். காற்றுப்பாதையில் சோப்புக் கரைசல் ஒரு சொட்டு விட்டு, துடைக்காமல் உலரவிடுவதும் உதவும். பரப்பு இழுவிசை குறைவதால் நீர் துளியாக நிற்காமல் மெல்லிய படலமாகப் பரவி வழிந்துவிடும். குழலை வெதுவெதுப்பான நீரில் கழுவலாம், கொதிநீரில் இடக்கூடாது.

மகளுக்குப் பிறகு பாரோக் வகைக் குழல் ஒன்று வாங்கினேன். ஊதியவுடன் அவள் வித்துவான் ஆகிவிடவில்லை. ஆனால் சரியாக ஊதினால் சரியான சுரம் வருகிறது. தவறாக ஊதினால் தவறு தெரிகிறது. கற்பதற்கு அதுதானே வேண்டும்? "உனக்கு இசை வராது" என்று ஒரு குழந்தையிடம் சொல்லுமுன், அதன் கையிலுள்ள குழலை ஒருமுறை வாங்கிச் சோதித்துப் பாருங்கள்.