சம்பளம் வராத முப்பத்தைந்து நாட்கள்

ஓர் அரசாங்கம் தன் அலுவலகக் கதவுகளைத் தானே அடைத்துக்கொள்ள முடியுமா? உலகின் மிகப் பெரிய பொருளாதாரமான ஐக்கிய அமெரிக்காவில் இது பல தடவைகள் நடந்திருக்கிறது. இதனை 'அரசாங்க முடக்கம்' என்பர். இது பற்றிய செய்திகள் அரசியல் தலைவர்களின் பிடிவாதத்தையே பெரிதாகப் பேசுகின்றன. அந்நாட்களில் அரச ஊழியரின் வீட்டில் என்ன நிகழ்கிறது என்பதை நாம் சற்று நோக்குவோம்.

முடக்கம் ஏன் ஏற்படுகிறது?

அமெரிக்காவின் நிதியாண்டு ஒக்டோபர் 1 ஆம் திகதி தொடங்குகிறது. அதற்கு முன்னர் அரச செலவுக்கான பணத்தைக் காங்கிரஸ் ஒதுக்க வேண்டும்; ஜனாதிபதி கையொப்பமிட வேண்டும். ஒதுக்கப்படாத பணத்தைச் செலவிடுவதை 19 ஆம் நூற்றாண்டுச் சட்டமொன்று தடுக்கிறது. ஒதுக்கீடு தாமதித்தால் அலுவலகங்களை மூடத்தான் வேண்டும் என்று 1980 இல் சட்டமா அதிபர் பெஞ்சமின் சிவிலெட்டி அச்சட்டத்துக்கு விளக்கமளித்தார். முடக்கங்களுக்கு வழி திறந்தது அந்த விளக்கமே.

வரவுசெலவுத் திட்டம் தாமதித்தால் எமது நாட்டில் இடைக்காலக் கணக்கறிக்கை நிறைவேற்றப்படும். 2018 இன் அரசியல் நெருக்கடிக்குப் பின்னர், டிசம்பர் 21 ஆம் திகதி எமது பாராளுமன்றம் அடுத்த நான்கு மாதச் செலவுக்கு அவ்வாறே அனுமதி வழங்கியது. அமெரிக்காவிலும் இத்தகைய இடைக்கால ஏற்பாடு உண்டு. ஆனால் மெக்சிக்கோ எல்லையில் சுவர் எழுப்ப ஜனாதிபதி ட்ரம்ப் கேட்ட 5.7 பில்லியன் டொலர் தொடர்பாக இணக்கம் ஏற்படாததால், டிசம்பர் 22 ஆம் திகதி அங்கே முடக்கம் தொடங்கியது. அது 35 நாட்கள் நீடித்தது.

இரு வகை ஊழியர்கள்

ஏறத்தாழ 8 இலட்சம் ஊழியர்கள் பாதிக்கப்பட்டனர். அவர்களுள் சுமார் 3 இலட்சத்து 80 ஆயிரம் பேர் சம்பளமின்றி வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். எஞ்சியோர் 'அத்தியாவசியப் பணியாளர்' எனக் கருதப்பட்டுச் சம்பளமின்றியே வேலை செய்தனர். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர், விமான நிலையப் பாதுகாப்பு ஊழியர், சிறைக் காவலர், கரையோரக் காவற்படையினர் முதலானோர் இவ்வகையினர்.

இரண்டாம் வகையினரின் நிலை மேலும் கடினமானது. வேலைக்குச் செல்லப் பெற்றோல் வேண்டும். பிள்ளைகளைப் பராமரிப்பு நிலையத்தில் விடக் கட்டணம் வேண்டும். வேறு தொழில் தேட நேரமில்லை. வேலையில் இருப்பதால் வேலையற்றோர் கொடுப்பனவும் பொதுவாகக் கிடைக்காது.

2019 ஜனவரி 11 ஆம் திகதி பலருடைய சம்பளப் பட்டியலில் பூச்சியமே இருந்தது. அங்கே இரு வாரங்களுக்கு ஒரு முறை சம்பளம் வழங்கப்படுவதால், முடக்கம் முடிவதற்குள் இரண்டு சம்பளங்கள் தவறின. வீட்டு உரிமையாளரிடம் தவணை கேட்பதற்கான மாதிரிக் கடிதங்களை அரச ஆளணி அலுவலகமே வெளியிட்டது. வாடகைக்குப் பதிலாக வர்ணம் பூசுதல், தச்சுவேலை போன்றவற்றைச் செய்து தரலாம் என்ற யோசனையும் அவற்றுள் ஒன்றில் இருந்தது! வொஷிங்டனில் சமையற்கலைஞர் ஹோசே அந்திரேசின் தொண்டு நிறுவனம் இலவச உணவு வழங்கியபோது, அரச ஊழியர்கள் வரிசையில் நின்றனர்.

நிரந்தர அரச உத்தியோகம் உடையோர் ஒரு மாதத்தில் எப்படி இந்நிலைக்கு வந்தனர்? 400 டொலர் திடீர்ச் செலவு வந்தால், கடன் வாங்காமலோ எதையேனும் விற்காமலோ சமாளிக்க இயலாதவர்கள் பத்தில் நால்வர் என அமெரிக்க மத்திய வங்கியின் அக்கால ஆய்வு கூறியது. வருமானம் பெரிதாயினும், அது வரும் முன்னரே வாடகைக்கும் கடனுக்கும் பங்கிடப்பட்டுவிடுகிறது. சம்பளத்தின் தொகையைப் போலவே அது வரும் திகதியும் முக்கியம்.

பின்னர் கிடைத்தால் போதுமா?

நிலுவைச் சம்பளத்தை உறுதிசெய்யும் சட்டம் 2019 ஜனவரியில் நிறைவேறியது. எனினும், தாமதக் கட்டணத்தையும் கடன் வட்டியையும் யார் திருப்பித் தருவார்? ஒப்பந்த நிறுவனங்களின் ஊடாக அரச கட்டடங்களில் பணிபுரிந்த துப்புரவாளர், காவலாளி, சிற்றுண்டிச்சாலை ஊழியர் ஆகியோரை அச்சட்டம் உள்ளடக்கவில்லை. மிகக் குறைந்த ஊதியம் பெற்றவர்களே இழந்ததை மீளப் பெறாது போயினர்.

ஜனவரி 25 ஆம் திகதி கட்டுப்பாட்டாளர் பற்றாக்குறையால் நியூயோர்க்கின் லாகார்டியா நிலையத்துக்கு வரும் விமானங்கள் சிறிது நேரம் தடுத்து நிறுத்தப்பட்டன. அன்றே உடன்பாடு எட்டப்பட்டது. ஆனால் பாடம் நிலைக்கவில்லை. 2025 ஒக்டோபரில் தொடங்கிய மற்றொரு முடக்கம் 43 நாட்கள் நீடித்தது.

கையில் சிறு சேமிப்பு வைத்திருப்பது குடும்பத்தின் கடமை; உழைத்தவருக்கு உரிய நாளில் ஊதியம் வழங்குவது அரசின் கடமை. குடும்பம் எவ்வளவுதான் சிக்கனமாக இருந்தாலும், அரசு தவறவிட்ட கடமையை அதனால் ஈடுசெய்ய முடியாது. வாடகையும் பசியும் நிலுவைச் சம்பளம் வரும்வரை காத்திருப்பதில்லை.