மெடிக்கல் கோடிங்: நம் பிள்ளைகள் இதில் சேரலாமா?



சில மாதங்களுக்கு முன் ஒரு தகப்பனார் கையில் விளம்பரத் தாளோடு என் அறைக்கு வந்தார். அவருடைய மகள் விலங்கியலில் பி.எஸ்ஸி. முடித்திருக்கிறாள். "மெடிக்கல் கோடிங் பயிற்சி, வேலை உறுதி" என்று தாளில் அச்சிட்டிருந்தது. பல ஆயிரம் ரூபாய் கட்டணம். மனைவியின் வளையலை அடகு வைக்கலாமா என்ற யோசனையில் இருந்தார். "ஐயா, இது கம்ப்யூட்டர் படிப்பா, ஆஸ்பத்திரிப் படிப்பா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லையே" என்றார்.

எனக்கும் அன்று சரியாக விளங்கவில்லை. நம் ஆஸ்பத்திரி வளாகத்தில் வளர்ந்து, இப்போது சென்னையில் இதே வேலையைச் செய்கிற ஒரு பெண் விடுமுறைக்கு வந்திருந்தாள். இரண்டு மாலை வேளைகள் அவளிடம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பயன்படும் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

கோடிங் என்றதும் கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுவது என்று எண்ணிக்கொள்கிறோம். அது வேறு, இது வேறு. வைத்தியர் எழுதிவைத்த குறிப்பை வாசித்து, வியாதிக்கும் சிகிச்சைக்கும் உரிய எண்களைக் கண்டு குறிப்பது மெடிக்கல் கோடிங். அந்த எண்களை வைத்து இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் பில் அனுப்பிப் பணத்தைப் பெறுவது மெடிக்கல் பில்லிங். நம் ஊர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்காகவே இவ்வேலையைச் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருந்துகொண்டு செய்கிறார்கள். அந்நாட்டில் சிகிச்சைச் செலவில் பெரும்பகுதியை இன்சூரன்ஸ் கம்பெனியோ அரசாங்கமோ கொடுக்கிறது. 65 வயதைக் கடந்தவர்களுக்கான மெடிகேர் திட்டம் 1965-ல் சட்டமாயிற்று. பணம் கொடுப்பவர் நோயாளியைப் பார்ப்பதில்லை. எண்ணைத்தான் பார்க்கிறார்.

ஒரு நோயாளியை வைத்துப் பார்ப்போம். அறுபது வயதுள்ள ஒருவர், சர்க்கரை வியாதி, இடது குதிகாலில் ஆறாத புண். நம் வார்டுகளில் நாம் தினந்தோறும் காண்கிற வியாதிதான். கோடர் இதற்கு 'இ 11.621' என்று குறிப்பார். 'இ 11' என்றால் இரண்டாம் வகைச் சர்க்கரை வியாதி. பின்னால் வரும் 621, அதனால் பாதத்தில் உண்டான புண்ணைச் சொல்லும். அது மட்டும் போதாது. புண் எங்கே, எவ்வளவு ஆழம்? இடது குதிகாலில், தோலைத் தாண்டிக் கொழுப்பு தெரியும் அளவுக்கு இருந்தால் 'எல் 97.422'. வலது குதிகாலானால் 'எல் 97.412'. எலும்பு வரை அழுகியிருந்தால் கடைசி எண் 4 ஆகும். ஒரு இலக்கம் மாறினால் கால் மாறிவிடுகிறது. இன்னொரு இலக்கம் மாறினால் வியாதியின் கடுமையே மாறிவிடுகிறது.

வைத்தியர் இடது, வலது என்று எழுத மறந்துவிட்டால்? கோடர் யூகித்து எழுதக் கூடாது. வைத்தியரிடம் கேட்டு எழுத வேண்டும். இல்லையேல் 'குறிப்பிடப்படவில்லை' என்பதற்குரிய எண்ணைத்தான் போட வேண்டும். வெளிநோயாளி ஒருவருக்கு "நிமோனியாவாக இருக்கலாம்" என்று வைத்தியர் எழுதினால், நிமோனியாவின் எண்ணைப் போடுவதற்கில்லை. இருமல், காய்ச்சல் என்று உள்ளதை மட்டும் குறிக்க வேண்டும். எழுதப்படாதது நடக்கவில்லை என்பதே இத்தொழிலின் முதல் பாடமாம். செமினரியில் எங்கள் ஆசிரியர், வசனத்தில் இருப்பதை வெளியே எடுங்கள், உங்கள் எண்ணத்தை உள்ளே நுழைக்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வார். அந்தப் பெண் பேசும்போது எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது.

இந்த எண்கள் பில்லுக்காகப் பிறந்தவை அல்ல. எந்த நோயில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று நாடுகள் ஒரே விதமாய்க் கணக்கெடுப்பதற்காக, பிரான்ஸ் தேசத்து ழாக் பெர்த்தியோன் தயாரித்த பட்டியல் 1893-ல் சிகாகோவில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. 1948-ல் உலக சுகாதார நிறுவனம் பொறுப்பேற்றபோது, மரணங்களோடு நோய்களும் அதில் சேர்க்கப்பட்டன. ஐ.சி.டி. என்று அதற்குப் பெயர். அதன் பத்தாம் பதிப்பைத் தன் தேவைக்கு விரிவாக்கி அமெரிக்கா 2015 அக்டோபர் 1 முதல் பயன்படுத்துகிறது. அதற்கு முன் ஏறக்குறைய 14,000 எண்கள் இருந்தன. அன்று அவை 70,000-ஐ நெருங்கிவிட்டன. பதினோராம் பதிப்பு 2022-ல் நடைமுறைக்கு வந்தும் அமெரிக்கா இன்னும் அதற்கு மாறவில்லை. இவை வியாதிக்குரியவை. வைத்தியர் செய்த வேலைக்கு சி.பி.டி. என்ற ஐந்து இலக்க எண்கள் தனியே உண்டு. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1966-ல் சி.பி.டி. தொகுப்பை முதன்முதல் வெளியிட்டது. வியாதியின் எண்ணும் சிகிச்சையின் எண்ணும் பொருந்தாவிட்டால் பில் திரும்பி வந்துவிடும்.

அப்படித் திரும்பியவற்றுக்காக இன்சூரன்ஸ் கம்பெனியோடு தொலைபேசியில் பேசுகிறவர்களை ஏ.ஆர். காலர் என்கிறார்கள். அமெரிக்காவின் பகல் நமக்கு இரவானபடியால் அவர்களுக்கு இரவு வேலை. கோடர்களுக்குப் பெரும்பாலும் பகல் வேலை. விளம்பரங்களில் இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் போடுகிறார்கள். எந்த வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று பெற்றோர் முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொன்றையும் அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். சாதாரணப் பரிசோதனைக்கு ஒரு எண், சற்றுக் கடினமானதற்கு அடுத்த எண்; அடுத்த எண்ணுக்குப் பணம் அதிகம். '99213'-க்குப் பதிலாக '99214' என்று போடுவதற்கு ஒரு விநாடி போதும். அரசாங்கத் திட்டத்தில் வேண்டுமென்றே அப்படிப் பொய்ப் பில் கொடுத்தால், உள்நாட்டுப் போரின் நாட்களில் 1863-ல் வந்த ஒரு சட்டத்தின்கீழ் நஷ்டத்தின் மூன்று மடங்கு வரை கட்ட வேண்டிவரும். குறைத்துப் போடுவதும் தவறே. அதனால் ஆஸ்பத்திரிக்கு நியாயமாய் வரவேண்டியது வராது. ஒரு நாளைக்கு இத்தனை கேஸ் ஷீட் என்று கணக்கு உண்டு. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தாவது சரியாக இருக்க வேண்டும் என்று பல இடங்களில் எதிர்பார்க்கிறார்கள். அவசரமும் உண்மையும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருக்கின்றன. நோயாளியின் இரகசியத்தைக் காக்கும்படி 1996-ல் அமெரிக்காவில் ஏற்பட்ட சட்டத்தினால், அவள் வேலை செய்யும் அறைக்குள் கைப்பேசியைக் கொண்டுபோகக் கூடாது. பேனாவும் காகிதமும்கூடக் கூடாது.

இனி படிப்பு. உயிரியல் சார்ந்த பட்டம், நர்சிங், பார்மசி, பிசியோதெரபி படித்தவர்களைப் பெரும்பாலும் எடுக்கிறார்கள். ஏ.ஏ.பி.சி. என்ற அமெரிக்கச் சங்கம் நடத்தும் சி.பி.சி. தேர்வுக்கு நல்ல மதிப்புண்டு. நூறு கேள்விகள், நான்கு மணி நேரம், எழுபது சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. எண்கள் அடங்கிய புத்தகங்களைப் பார்த்தே எழுதலாம். ஆகவே மனப்பாடக்காரருக்கு இதில் விசேஷ லாபம் இல்லை. அனுபவமின்றித் தேறியவர் பெயரோடு, பழகுநர் என்பதைக் குறிக்கும் 'ஏ' என்ற எழுத்தும் ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டு வருட அனுபவத்தைக் காட்டினால் அதை எடுத்துவிடுவார்கள்.

பயிற்சி நிலையம் கொடுக்கும் சான்றிதழ் வேறு, இந்தத் தேர்வின் சான்றிதழ் வேறு. இதை அறியாமல் பணம் கட்டி ஏமாந்தவர்கள் உண்டு. வேலை உறுதி என்பதை எந்த நிலையம் எழுத்தில் கொடுக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். சில கம்பெனிகள் உடற்கூறு அறிவையும் ஆங்கிலத்தையும் சோதித்து, தேறியவர்களைத் தாங்களே பழக்கி எடுத்துக்கொள்கின்றன. இப்போது கம்ப்யூட்டரே எண்களை எடுத்துக் கொடுக்கிறது என்பதையும் மறைப்பதற்கில்லை. எளிய குறிப்புகளை அது வேகமாய் முடித்துவிடும்; அது போட்டது சரியா என்று பார்க்கிறவருக்கு முன்னைவிட ஆழமான அறிவு வேண்டியிருக்கிறது.

நம் நாட்டிலும் இதற்கு ஒத்த வேலை வளர்ந்துவருகிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும், 2018-ல் வந்த ஆயுஷ்மான் பாரத் திட்டத்திலும், ஏழை நோயாளியின் சிகிச்சைக்கு உரிய எண்ணோடும் ஆவணங்களோடும் விண்ணப்பித்தால்தான் ஆஸ்பத்திரிக்குப் பணம் வரும். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரி குறைந்து விண்ணப்பம் தள்ளுபடியானால், அந்தச் செலவை ஆஸ்பத்திரியே சுமக்க வேண்டியதாகிறது. உங்களைப் போன்றவர்கள் கொடுக்கும் காணிக்கையிலிருந்து அதை ஈடுகட்டுவது நியாயமல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. நல்ல ரெக்கார்டு குமாஸ்தா ஒருவர் எங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை நானே தாமதமாய்த்தான் உணர்ந்தேன்.

அந்தத் தகப்பனாரை மறுபடியும் அழைத்து இவற்றையெல்லாம் சொன்னேன். வளையல் இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. மகள் நம் நர்சிங் பள்ளி நூலகத்தில் உடற்கூறு புத்தகம் ஒன்றை வாசித்துவருகிறாள். சென்ற வாரம் என் அறை வாசலில் நின்று, பாதத்தில் மட்டும் இருபத்தாறு எலும்புகள் உண்டு, உங்களுக்குத் தெரியுமா ஐயா என்று கேட்டாள்.