ரேடியமும் இரண்டு வருஷக் கெடுவும்

அமெரிக்காவில் நியூஜெர்ஸி மாகாணத்து ஆரஞ்சு நகரில், 1917 முதல், இளம்பெண்கள் இருளில் ஒளிரும் கடிகார முகப்புகளுக்கு ரேடியம் கலந்த வர்ணம் தீட்டி வந்தனர். தூரிகை நுனியை உதட்டால் கூராக்கும்படி அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. உட்சென்ற ரேடியத்தைத் தேகம் சுண்ணாம்புச் சத்தைப் போலவே எலும்பில் சேர்த்து வைத்தது. அதன் கதிர்வீச்சு பாதியாகக் குறைவதற்கே சுமார் 1,600 வருஷங்களாகும். சில வருஷங்களில் பற்கள் உதிர்ந்தன, தாடை அழுகிற்று, எலும்பில் புற்றுநோயோ பலருக்கு வெகுகாலம் கழித்தே தோன்றிற்று.

1927-இல் ஐந்து பெண்கள் நியாயஸ்தலம் ஏறியபோது, வழக்கிடுவதற்குரிய இரண்டு வருஷக் கெடு கடந்துவிட்டதெனக் கம்பெனியார் ஆட்சேபித்தனர். வியாதி தலைகாட்டுமுன்னரே காலாவதியாகிவிடுவதை உரிமையென்று அழைக்க, சட்டம் பயின்ற நமக்கே நாக் கூசுகிறது. 1928-இல் ஆளுக்கு 10,000 டாலரும், வருஷந்தோறும் 600 டாலரும் தருவதாகக் கம்பெனியார் ராஜியாயினர். ஐவரில் ஒருவர் மறு வருஷமே மாண்டார்.