விண்முகில் என்னும் உரைகல்

பொன்னின் மாற்றை உரைகல் காட்டும். கணிதத்தாற் கண்ட அணுவியல் முடிவுகளின் மாற்றைக் காட்டுவது எது? ஆய்கூடம் என விடையிறுத்தல் எளிது. ஆயினும், ஆய்கூடத்துக்கு அடங்காத அணுநிகழ்ச்சிகளும் உள. அவற்றுட் சிலவற்றுக்குக் கோள்வடிவ நெபுலாக்களே உரைகல்லாகின்றன.

இந்நெபுலாக்களுக்கும் கோள்களுக்கும் தொடர்பில்லை. முதுமையெய்திய விண்மீன்கள் வெளித்தள்ளிய வாயுவே இவை. தொலைநோக்கியிற் சிறு வட்டமாய்த் தோன்றியமையால் இப்பெயர் பெற்றன. 1864ஆம் ஆண்டில் வில்லியம் அகின்சு இவற்றுள் ஒன்றன் ஒளியைப் பகுத்து, ஒளிர்கோடுகளைக் கண்டார். அவற்றுட் பச்சைக் கோடுகள் அறிந்த மூலகம் எதற்கும் பொருந்தாமையால், 'நெபூலியம்' என்னும் புது மூலகம் கற்பிக்கப்பட்டது. அவை இரண்டு இலத்திரன்களை இழந்த ஒட்சிசனின் கோடுகளே என 1927இல் ஐரா போவென் நிறுவினார்.

இத்தகைய கோடுகள் தோன்றுமாறு யாது? கட்டற்ற இலத்திரன் ஒன்று அயனுடன் மோதி அதனை உயர்ந்த சத்திநிலைக்கு ஏற்றுகின்றது. அயன் நெடுநேரம் பொறுத்தே ஒளியை உமிழ்கின்றது. ஓர் இலத்திரனை மாத்திரம் இழந்த ஒட்சிசனில் இக்காலம் மணித்தியாலக் கணக்கானது. ஆய்கூட வாயுவிலோ அதற்குள் வேறு மோதுகைகள் அச்சத்தியைப் பறித்துவிடும்.

இவ்வயன் 372.6, 372.9 நனோமீற்றர் அலைநீளங்களில் இரு கோடுகளைத் தரும். அவற்றின் மேல்நிலைகளின் புள்ளிவிபர நிறைகள் முறையே 4, 6 ஆகும். வாயு மிக ஐதாயின் ஒவ்வொரு கிளர்ச்சியும் ஒளியாகவே முடியும். எனவே இரண்டாங் கோட்டுக்கும் முதற் கோட்டுக்கும் உள்ள விகிதம் 1.5 ஆகும். அடர்த்தி மிகமிக அது ஏறக்குறைய 0.35 வரை குறையும். ஆகவே, விகிதத்தை அளந்தால் அடர்த்தி புலப்படும். 1957இல் சீற்றனும் ஒசுற்றர்புறொக்கும் இம்முறையை ஆராய்ந்து வெளியிட்டனர்.

1998இல் மக்லொக்லின், பெல் ஆகியோரின் புதிய மோதுகைக் கணிப்பு 1.5 என்னும் எல்லையை ஏறக்குறைய 1.9 ஆக உயர்த்தியது. அது மெய்யாயின், இக்கோடுகளாற் கண்ட அடர்த்திகள் யாவும் திருத்தப்படல் வேண்டும். ஒரு நெபுலாவின் வாயு எங்கும் ஒரே அடர்த்தியுடையதன்று. ஆதலால் ஒன்றை மாத்திரம் நோக்கித் தீர்ப்புக் கூறல் இயலாது. 2004இல் வெளிவந்த ஆய்வொன்று நூற்றுக்கு மேற்பட்ட நெபுலாக்களை எடுத்து, கந்தகம், குளோரீன், ஆகன் ஆகியவற்றின் கோடுகள் தந்த அடர்த்திகளோடு ஒட்சிசன் தந்தவற்றை ஒப்பிட்டது. புதிய கணிப்பு அவற்றோடு இசையவில்லை, பழையதே இசைந்தது. 2006இல் பிரதான் முதலியோர் மீளக் கணித்தபோதும் 1.5 என்பதே கிடைத்தது.

கணிப்பு புதிதாதல் பற்றி மெய்யாகாது; பழைதாதல் பற்றிப் பொய்யுமாகாது. விண்ணின் ஒளியே இவ்வழக்கிற் சான்று பகர்ந்தது.