ஆங்கிலம் தெரியாத பெற்றோரும் வீட்டுப்பாடத்தில் உதவலாம்: எப்படி?

சித்தூர்: சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் ஆங்கில வழியில் பயிலும் பத்தாம் வகுப்பு மாணவர், மாலையில் சமூக அறிவியல் புத்தகத்தைத் திறக்கும்போது இரண்டு வீட்டுப்பாடங்களைச் சேர்த்தே செய்கிறார். ஒன்று பாடம்; மற்றொன்று அது எழுதப்பட்டுள்ள ஆங்கிலம். தங்களுக்கு ஆங்கிலம் தெரியாததால் உதவ முடியாது எனப் பல பெற்றோர் ஒதுங்கிவிடுகின்றனர். ஆனால் பாடத்தின் பொருளை விளக்க ஆங்கிலம் தேவையில்லை.

பின்னணி என்ன?

ஆந்திர அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிக் கல்வியைக் கட்டாயமாக்கும் ஆணை 2019ஆம் ஆண்டு பிறப்பிக்கப்பட்டது. அதை உயர் நீதிமன்றம் 2020 ஏப்ரலில் ரத்து செய்தது. எனினும் ஆங்கில வழி வகுப்புகள் பரவின. மாணவர்களுக்கு உதவியாக, ஒரு பக்கம் ஆங்கிலமும் எதிர்ப்பக்கம் தெலுங்குமாக அச்சிடப்பட்ட இருமொழிப் பாடநூல்கள் வழங்கப்பட்டன. 2024-25 கல்வியாண்டில் பத்தாம் வகுப்புக்கு என்சிஇஆர்டி பாடங்கள் அறிமுகமாயின.

நகரி, குப்பம், புத்தூர், சத்தியவேடு போன்ற எல்லைப் பகுதிகளில் தமிழ் பேசும் குடும்பங்கள் பல உள்ளன. அக்குழந்தைகளுக்கு எதிர்ப்பக்கத் தெலுங்கும் வீட்டு மொழி அன்று. எனவே பெற்றோர் தமிழில் பேசுவது அவர்களுக்குக் கூடுதல் துணையாகும்.

முதலில் பொருள், பிறகு ஆங்கிலம்

பத்தாம் வகுப்புப் பொருளாதாரத்தில் பணமும் கடனும் பற்றிய பாடம் உள்ளது. வட்டி, பிணை, மகளிர் சுய உதவிக் குழு ஆகியவை அதில் விளக்கப்படுகின்றன. டுவாக்ரா குழுவில் உறுப்பினராக உள்ள தாய்க்கு இவை அன்றாட நடைமுறை. பிணையின்றி வங்கி ஏன் குழுவுக்குக் கடன் தருகிறது என்பதை அவரால் தமிழிலேயே சொல்ல முடியும். அதைக் கேட்ட மாணவர் ஆங்கிலப் பத்தியைப் படிக்கும்போது, புதிதாகக் கற்க வேண்டியவை சொற்கள் மட்டுமே.

கூட்டாட்சிப் பாடத்தில் மொழிவாரி மாநிலங்கள் இடம்பெறுகின்றன. அதற்குச் சித்தூரே சான்று. 1953 அக்டோபர் 1இல் உருவான ஆந்திர மாநிலத்தில் இம்மாவட்டம் இணைந்தது. 1960 ஏப்ரல் 1இல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்குச் சென்றது. சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்கு வந்தது. வீட்டில் உள்ள தாத்தா, பாட்டிக்கு இது நினைவில் இருக்கலாம். அதிகாரப் பகிர்வுப் பாடம் இலங்கைத் தமிழர் பிரச்சினையைப் பேசுகிறது. அதையும் வீட்டில் விவாதிக்கலாம்.

செய்ய வேண்டியவை

* விடையைப் பார்க்காமல், பாடத்தை வீட்டு மொழியில் சொல்லும்படி பிள்ளையிடம் கேட்கவும். தடுமாறும் இடமே மீண்டும் படிக்க வேண்டிய இடம்.
* பத்திக்கு ஐந்து முக்கிய ஆங்கிலச் சொற்களை எழுதி, எதிரே தமிழ் அல்லது தெலுங்குப் பொருளைக் குறிக்கச் சொல்லவும்.
* அச்சொற்களைக் கொண்டு நான்கு சிறு ஆங்கில வாக்கியங்களைச் சொந்தமாக எழுதச் செய்யவும்.
* ஆங்கிலப் பாடத்தைத் தினமும் பத்து நிமிடம் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்கவும். கேட்பவருக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.
* கைப்பேசியிலிருந்தும் கையேட்டிலிருந்தும் விடையை அப்படியே பெயர்த்தெழுதுவதைத் தவிர்க்கவும். தேர்வில் கேள்வி சற்று மாறினால் அது உதவாது.

எவ்வளவு நேரம் போதும்?

மத்தியக் கல்வி அமைச்சகம் 2020இல் வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கையின்படி, 2ஆம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் கூடாது. 3 முதல் 5ஆம் வகுப்பு வரை வாரத்துக்கு 2 மணி நேரமும், 6 முதல் 8 வரை நாளொன்றுக்கு 1 மணி நேரமும், 9 முதல் 12 வரை நாளொன்றுக்கு 2 மணி நேரமும் உச்சவரம்பாகும். அதற்கு மேல் நீடித்தால் வகுப்பாசிரியரிடம் பேசுவது நல்லது. பிள்ளைக்குப் புரியாதது பாடமா, மொழியா என்பதை முதலில் கண்டறிந்து சென்றால், ஆசிரியரும் அதற்கேற்ப உதவ முடியும்.