போத்தலில் வரும் பற்றீரியா: முற்பணம் கட்டலாமா?

விவசாய மருந்துக் கடை நடத்தும் நண்பர் ஒருவர் என்னிடம் ஒரு போத்தலைக் கொண்டுவந்து காட்டினார். மண்ணிலும் கிணற்றிலும் தேங்கிய பீடைநாசினி நஞ்சு அத்தனையையும் தின்று தீர்க்கும் பற்றீரியாவாம். மாவட்ட ஏஜென்சி தருகிறார்களாம். முற்பணம் கட்டலாமா என்று கேட்டார்.

பற்றீரியா நஞ்சை உடைக்கும் என்பது பொய்யல்ல. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த சேதுநாதன், யொஷிடா ஆகிய இருவரும் 1973 இலேயே இதைக் காட்டிவிட்டார்கள். டயசினோன் போட்ட வயல் நீரிலிருந்து அந்த மருந்தையே உடைக்கும் பற்றீரியாவை அவர்கள் பிரித்தெடுத்தார்கள். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பப் பாவிக்கும் வயலில் இத்தகைய கிருமிகள் பெருகி, மருந்தின் வலு சீக்கிரம் போய்விடும். (மருந்து விற்கும் நண்பருக்கு இந்தச் செய்தி அவ்வளவு ருசிக்கவில்லை!)

இதை வியாபாரப் பொருளாக்கியவர்கள் அவுஸ்திரேலியர்கள். அந்நாட்டு அரச ஆராய்ச்சி நிறுவனமான சீ.எஸ்.ஐ.ஆர்.ஓ. கண்டுபிடித்ததை வைத்து 'லான்ட்கார்ட்' என்ற பெயரில் சரக்கு வந்தது. அவர்கள் விற்றது உயிருள்ள கிருமியை அல்ல, மண் பற்றீரியா ஒன்றின் நொதியத்தை மட்டுமே. உயிர் என்றால் அதற்குத் தீனி வேண்டும், லொறிச் சூட்டில் சாகாமல் வந்துசேர வேண்டும். நொதியத்துக்குத் தீனி தேவையில்லை. பருத்தித் தோட்டமொன்றின் வடிகால் நீரில், 80 ஆயிரம் லீட்டருக்கு மேல், இதைப் பரீட்சித்தபோது 10 நிமிடத்தில் மெதைல் பரத்தியன் சுமார் 90 வீதம் குறைந்தது.

ஆனால் அந்த நொதியம் ஒகனோபொஸ்பேற்று வகை மருந்துகளுக்கு மட்டும்தான். அட்ரசின் என்ற களைநாசினிக்கு வேறொரு நொதியம் தேட வேண்டியிருந்தது. பரகுவாட்டோ களிமண்ணை இறுகப் பற்றிக்கொள்வதால் கிருமி அதை எட்டுவதே சிரமம். குளோர்பைரிபொஸ் உடைந்தால் மிஞ்சும் டீ.சீ.பீ. என்ற பொருள் பற்றீரியாவின் வளர்ச்சியையே தடுக்கக்கூடியது. ஆகவே 'உடைத்துவிட்டது' என்று சொன்னால், மிஞ்சியது என்ன என்றும் கேட்க வேண்டும்.

எந்த நஞ்சுக்கு, எத்தனை நாளில், போடுமுன்னும் பின்னும் ஆய்வுகூட அறிக்கை உண்டா என்று கேட்டுப்பாருங்கள் என்றேன். நண்பர் என் கடையிலிருந்தே அவர்களுக்கு அழைப்பெடுத்தார்.

"எல்லா மருந்துக்கும் வேலை செய்யும் ஹாஜியார்" என்று பதில் வந்தது.

"ரிப்போர்ட் இருக்கா?"

"முற்பணத்தைக் கட்டுங்க, அனுப்புறோம்."

காசு இன்னும் நண்பரின் கையில்தான் இருக்கிறது.