உங்களுக்குப் பிறகு உங்கள் தொழில்?

திருப்பூரில் பத்துத் தையல் மெஷினோடு ஜாப் ஒர்க் எடுக்கும் ஒரு யூனிட்டை எடுத்துக்கொள்வோம். அடுத்த வருடம் இன்னும் ஐந்து மெஷின், பிறகு சொந்தக் கட்டடம் என்று முதலாளிக்குத் திட்டம் இருக்கிறது. திடீரென்று அவர் இறந்துபோனால்? சனிக்கிழமை சம்பளம் போட்டாக வேண்டும். கரண்ட் அக்கவுண்டில் பணம் இருக்கிறது. செக்கில் கையெழுத்துப் போட ஆள் இல்லை. யாரிடம் எவ்வளவு வர வேண்டும் என்ற கணக்கும் அவரோடு போய்விட்டது. நீண்டகால இலக்கு வைத்திருப்பவர்கள் இந்த நிலைமைக்கும் சேர்த்துத்தான் திட்டமிட வேண்டும்.

தனி உரிமையாளர் என்றால்

சட்டத்தின் பார்வையில் தொழிலும் நீங்களும் ஒன்றுதான். அதனால் தொழில் கடனுக்கு உங்கள் சொந்தச் சொத்தும் பொறுப்பாகும். உங்களுக்குப் பின் வங்கிக் கடனுக்கு வாரிசுகள் தங்கள் கைக்கு வந்த சொத்தின் அளவுக்கே பொறுப்பு. ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. தொழிலைத் தொடரும் வாரிசு தன் பெயரில் புதிதாக ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டும். பழைய வரிப் பாக்கி அவரைத் தொடரும். அதேபோல, மீதமிருக்கும் உள்ளீட்டு வரி வரவை ஐடிசி-02 படிவம் மூலம் தன் கணக்குக்கு மாற்றிக்கொள்ளும் உரிமையும் அவருக்கு உண்டு.

கூட்டுத் தொழில் என்றால்

1932-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால், ஒரு பங்குதாரர் இறந்ததும் நிறுவனம் கலைந்துவிடும். இரண்டே பேர் என்றால் அப்படி எழுதிவைத்தும் பயனில்லை. இருவரும் இருக்கும்போதே மூன்றாவது ஒருவரைச் சேர்த்துக்கொள்வது நல்லது. பதிவு செய்யாத நிறுவனம் ஒப்பந்தப்படி வர வேண்டிய பணத்துக்காக வெளியாள்மீது வழக்குப் போட முடியாது.

கணக்கைத் தீர்க்காமல் மற்றவர்கள் தொழிலைத் தொடர்ந்து நடத்தினால், இறந்தவரின் குடும்பம் லாபத்தில் உரிய பங்கையோ, அவர் பங்குத் தொகைக்கு ஆண்டுக்கு 6 சதவீத வட்டியையோ கேட்கலாம். ஒப்பந்தம் இதை மாற்றியிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாமினி வேறு, வாரிசு வேறு

நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளலாம். அதனாலேயே அது அவருக்குச் சொந்தமாகிவிடாது. கம்பெனிப் பங்குகளுக்கும் இதுவே விதி என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் உறுதிசெய்தது. உயில் இல்லாமல் இந்து ஆண் ஒருவர் இறந்தால் மனைவி, மகன், மகள், தாய் எல்லோருக்கும் சமபங்கு. தொழிலில் கூடவே உழைத்த மகளுக்கே அது போக வேண்டும் என்று நினைத்தால் உயில் எழுதத்தான் வேண்டும். இரண்டு சாட்சிகள் போதும். முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவு கட்டாயமில்லை என்றாலும் செய்வது பாதுகாப்பு.

இந்த மாதமே செய்யுங்கள்

• தனி உரிமையாளர் என்றால் கரண்ட் அக்கவுண்டுக்கு நாமினி போடுங்கள். நீங்கள் கொடுத்த கையெழுத்து அதிகாரமும் பவரும் உங்கள் மரணத்தோடு முடிந்துவிடும்.

• வர வேண்டியது, கொடுக்க வேண்டியது, கடை அட்வான்ஸ், இன்ஷூரன்ஸ், ஜாமீன் அத்தனையும் ஒரே நோட்டில் எழுதி, இருக்குமிடத்தை வீட்டில் சொல்லுங்கள்.

• கூட்டு ஒப்பந்தத்தை எடுத்து, மரணம், விலகல் பற்றிய பிரிவுகளைப் படியுங்கள்.

சிக்கல் ஏற்கெனவே வந்துவிட்டதா? தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையம் வழியாக விண்ணப்பியுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவிக்கு 15100-ஐ அழையுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது.

அடுத்த முறை ஆடிட்டரைப் பார்க்கப் போகும்போது, நாளை தொழிலை நடத்தப்போகிறவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.